கணக்கில் வராத வீடுகள்

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தியத் தொலைக்காட்சி அலுவலகங்களுக்கு ஓர் எண் வந்து சேரும். 2015இலிருந்து அந்த எண்ணைத் தருவது பார்க் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பார்வையாளர் ஆய்வு நிறுவனம். இந்தியா முழுவதும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அது ஒரு சிறு கருவியை வைத்திருக்கிறது. அளக்கப்படும் ஒவ்வொரு சானலின் ஒலியிலும் காதுக்குப் புலப்படாத ஒரு குறி கலந்திருக்கும். கருவி அதைப் பிடித்து, எந்த நிமிடத்தில் எந்தச் சானல் ஓடியது என்று பதிந்துகொள்ளும். அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. ரீவிக்கு முன்னால் வந்து இருந்தால் தன் பொத்தானை அழுத்த வேண்டும், எழும்பிப் போனால் மறுபடி அழுத்த வேண்டும். விஜய் தொலைக்காட்சியில் எந்த நிகழ்ச்சி நீளும், எது நிற்கும், யாருடைய கண்ணீர் நாளைய முன்னோட்டத்தில் வரும் என்பவற்றில் இந்தப் பொத்தான்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோப்பாயில் அந்தப் பொத்தான் கிடையாது. ஆனால் விஜய் தொலைக்காட்சியின் பிக் பாஸ் உண்டு. 2017 ஜூன் 25ஆம் திகதி கமல்ஹாசன் பிக் பாஸ் வீட்டின் கதவைத் திறந்து வைத்த நாளிலிருந்து, பருத்தித்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு நடந்தால் வீட்டுக்கு வீடு அதே குரல் கேட்கும். தோட்டத்துக்குத் தண்ணி மாறிவிட்டுக் கிணற்றடியில் குளித்து வந்தவர், பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், இடியப்பத் தட்டோடு அம்மம்மா என்று எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருப்பார்கள். 2019இல் மூன்றாவது பருவம் வந்தபோது அது கிட்டத்தட்டத் தேர்தல் காலமாகவே இருந்தது. சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும் யாழ்ப்பாணத்துத் தர்ஷனும் அந்த வீட்டுக்குள் போயிருந்தார்கள். தேநீர்க்கடையிலும் பஸ்தரிப்பிலும் கட்சி பிரிந்து கதைத்தார்கள். ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் தாய்மாருக்கு வந்த அழைப்புகளில் பாதி நேரம் அதே கதைதான். தர்ஷன் இறுதிக்கு முன் வெளியேறிய இரவில், எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தார்கள். இவ்வளவும் சென்னைக்குப் போய்ச் சேரும் எண்ணில் ஒரு புள்ளியாகக்கூடச் சேரவில்லை.

நான் மென்பொருள் செய்யும் ஒரு சிறு குழுவில் புரொடக்ட் மனேஜர். நிரல் எழுதுவது என் வேலை இல்லை. எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுப்பதும், அந்த முடிவுக்குப் பொறுப்பு நிற்பதுமே என் வேலை. இதைப் பற்றி அமெரிக்காவில் அலுமாரி அலுமாரியாகப் புத்தகங்கள் உண்டு, பலவற்றை வாசித்தும் இருக்கிறேன். ஆனாலும் ஒருவர் ஒரு பொருளோடு எப்படி உறவாகிறார், அந்தப் பொருள் அவரை எப்படிப் பார்க்கிறது, எந்த இடத்தில் பார்க்காமல் விடுகிறது என்பவற்றை நான் அதிகம் படித்தது ரியாலிட்டி ஷோக்களிலும் அவற்றைப் பார்க்கும் கோப்பாய்ச் சனத்திடமும்தான்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பது பலருக்கு விசித்திரமாகப் படலாம். உண்மையில் இரண்டும் நெருங்கிய சொந்தம். 1931 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியில் நீல் மக்கெல்ரோய் என்ற இளைஞர் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கமே என்ற சோப்பின் விளம்பரம். அதே கம்பனியின் ஐவரி சோப்பு பெரிய மரமாக நின்றதால் கமேயைக் கவனிக்க ஆளில்லை. ஒவ்வொரு சோப்புக்கும் முழுப்பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்டார். அந்த ஆள் செய்ய வேண்டியதையும் எழுதினார்: எந்தப் பிரதேசத்தில் சரக்கு ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று கணக்குப் பார்ப்பது, ஓடாத இடத்துக்குத் தானே போய்க் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் விசாரிப்பது. இன்று புரொடக்ட் மனேஜர் என்று சொல்லப்படும் வேலை அந்தக் குறிப்பிலிருந்து பிறந்ததாகவே எங்கள் தொழிலில் எல்லோரும் கொள்கிறார்கள். மக்கெல்ரோய் பின்னாளில் அந்தக் கம்பனியின் தலைவராகி, 1957இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார்.

குறிப்பு எழுதப்பட்டு இரண்டு வருடம் கழித்து, 1933இல், அதே கம்பனி தன் ஒக்ஸிடோல் சலவைத்தூளுக்காக மா பெர்கின்ஸ் என்ற வானொலித் தொடரைத் தொடங்கியது. 1960 வரைக்கும் அது ஓடியது. பகலில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் கதை கேட்க வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பார்கள், இடையில் சலவைத்தூளின் பெயர் காதில் விழும். கதை அந்தப் பெண்களுக்கு இலவசம். விற்கப்பட்டது அவர்களுடைய கவனம். இன்றைய தொலைக்காட்சியும் சமூக ஊடகமும் ஓடுவது அந்த வழியில்தான்.

இதிலே கோப்பாயின் நிலை தனி. விற்கப்படும் கவனத்தில்கூட எங்களுக்கு இடமில்லை. டிஷ்ஷில் வரும் சென்னை நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்து இங்கிருந்து எவரும் தியாகராய நகருக்குப் போகப் போவதில்லை. ஆகவே விளம்பரம் கொடுப்பவருக்கு நாங்கள் தேவையில்லை, அளப்பவருக்கும் தேவையில்லை. இருந்தும் அந்த நிகழ்ச்சியை நெஞ்சில் வைத்துப் பார்க்கிறவர்களில் நாங்களும் உண்டு. ஒரு பொருளை மிகவும் நேசிப்பவர்கள் அதைச் செய்பவரின் கணக்கில் இல்லாமல் இருக்க முடியும் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

பிக் பாஸைப் பார்க்கும்போது போட்டியாளரைவிட அந்த ஏற்பாட்டைத்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். 1999 செப்டெம்பரில் நெதர்லாந்தில் ஜோன் டி மோல் தொடங்கிய பிக் பிரதரின் எலும்புக்கூடு இன்றும் அப்படியே இருக்கிறது: ஒரு வீடு, சுவரெங்கும் கமரா, நூறு நாள் கணக்கு. மணிக்கூடு இல்லை, போன் இல்லை, பத்திரிகை இல்லை. கழுத்தில் எப்போதும் மைக். வாரத்துக்கொரு முறை தனியறைக்குள் போய், வெளியேற வேண்டியவர் இன்னார் என்று காரணத்தோடு பெயர் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டையே நாடு நாடாக விற்கிறார்கள். ஆட்கள் மாறுவார்கள், ஏற்பாடு நிற்கும்.

தமிழுக்கு வந்தபோது அந்த ஏற்பாட்டுக்குள் எவரும் எழுதி வைக்காத ஒன்று நுழைந்தது. வீட்டுக்குள் போன சில நாளிலேயே அவர்கள் அண்ணா, அக்கா, அம்மா என்று முறை வைக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது பருவத்தில் லொஸ்லியாவுக்கு இயக்குநர் சேரன் “சேரப்பா” ஆனார். முறை சொல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கத் தமிழருக்குத் தெரியாது. விதியோ திங்கட்கிழமை வந்தால் அந்த அண்ணனின் பெயரை, அந்த அப்பாவின் பெயரைச் சொல்லு என்கிறது. தமிழ் பிக் பாஸை இழுத்துச் சென்ற விசை இந்த இடத்தில்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன். எங்களூர் அம்மம்மாமார் தலையில் கை வைத்ததும் இதற்காகவே: “அப்பா எண்டு கூப்பிட்டுட்டு எப்பிடியடா பேரைச் சொல்லுவாள்?”

புரொடக்ட் மனேஜர் ஒருவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. பாவிப்பவர்கள் பொருளுக்குள் வெறுங்கையோடு வருவதில்லை. தங்கள் முறை, மரியாதை, பயம், கடன் எல்லாவற்றையும் கொண்டுவந்து, அந்தப் பொருளைத் தாங்கள் வாழக்கூடிய இடமாக மாற்றிக்கொள்கிறார்கள். செய்தவருக்கு அதற்கு முன்னால் இரண்டு வழி உண்டு. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கலாம். அல்லது அதை ஓர் எரிபொருளாகப் பார்த்து, அந்த உறவு எந்த இடத்தில் முறியும் என்று தேடி அங்கே கமராவை வைக்கலாம். பிக் பாஸ் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனது.

பிக் பாஸில் நான் கவனித்த இன்னொன்று குறும்படம். 2017இல் சக போட்டியாளர் ஓவியாவைப் பற்றி ஜூலி சொன்ன ஒரு விடயம் சொன்னபடி நடந்ததா என்று வீட்டுக்குள் தகராறு வந்தபோது, வார இறுதியில் கமல் அந்தப் பதிவையே எடுத்துப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து “குறும்படம் போடுவமா?” என்பது யாழ்ப்பாணத்து அடுக்களை வரைக்கும் வந்துவிட்ட பேச்சு. என் தொழிலிலும் இது அன்றாட வேலை. பாவிப்பவர் ஒன்று சொல்வார், செயலியில் பதிந்திருப்பது வேறொன்றாக இருக்கும். “நான் அந்தப் பொத்தானை அமத்தவே இல்லை” என்பார், பதிவில் மூன்று தரம் அமத்தியது இருக்கும். பதிவு பெரிய உதவிதான். ஆனால் குறும்படம் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு சந்தேகமும் வளர்ந்தது. அத்தனை கமராவும் இருபத்துநாலு மணி நேரமும் எடுத்ததில் ஒரு மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது, குறும்படமோ அதிலும் சில நிமிடம். வெட்டி எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். நடந்தது உண்மை, காட்டியதும் உண்மை, ஆனால் எதைக் காட்டுவது என்பது ஓர் ஆளின் முடிவு. தரவு பொய் சொல்லாது என்று கூட்டங்களில் யாராவது சொல்லும்போது, எந்தத் தரவு இங்கே மேசைக்கு வரவில்லை என்று நான் கேட்பேன். கேட்டால் கூட்டம் கொஞ்சம் நீளும். அதனால் நட்டமில்லை.

விஜய் தொலைக்காட்சி அருமையாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் சூப்பர் சிங்கர் ஏழாவது பருவத்தில் சிவாங்கி என்ற பெண் பாடினார். முதலிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மேடை சுருதியையும் தாளத்தையும் பாவத்தையும் பார்க்கும், புள்ளி போடும். சனத்துக்கு அவருடைய பாட்டோடு சேர்த்து அவருடைய பேச்சும், குழந்தைத்தனமும், கூச்சமில்லாத சிரிப்பும் பிடித்திருந்தன. அதற்கு அந்தப் புள்ளித்தாளில் இடமில்லை. அதே வருடம் நவம்பரில் குக் வித் கோமாளி தொடங்கியது. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு சமைக்கத் தெரியாத ஒரு கோமாளியைக் கட்டிவிடும் ஏற்பாடு. அதில் சிவாங்கி கோமாளியாக வந்து, தமிழ் வீடுகளின் செல்லப்பிள்ளையானார். கொரோனா ஊரடங்கில் இங்கே பல வீடுகளில் மனச்சோர்வுக்கு மருந்தாக இருந்தது அந்த நிகழ்ச்சிதான். கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரியைச் சிகிச்சை நிலையமாக மாற்றியிருந்த காலம் அது. அம்புலன்ஸ் சத்தம் போய்க்கொண்டிருக்கும், உள்ளே ரீவியில் கோமாளிகளான புகழும் மணிமேகலையும் கூத்தடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நிகழ்ச்சியின் அளவுகோலில் அகப்படாத விருப்பத்தை யாரோ ஒருவர் கண்டு, அதற்கென்று இன்னொரு நிகழ்ச்சியில் இடம் செய்துகொடுத்திருக்கிறார். என் தொழிலில் இதைவிட உயர்ந்த திறமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே சானல் 2019இல் செய்த இன்னொன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிக் பாஸ் மூன்றாவது பருவத்தின் பிற்பகுதியில் “ஃப்ரீஸ்” என்ற விளையாட்டு வந்தது. குரல் “ஃப்ரீஸ்” என்றால் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கதவு திறக்கும், வாரக்கணக்காகப் பாராத தாயோ தகப்பனோ உள்ளே வருவார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது, குரல் விடுவிக்கும் மட்டும் நிற்க வேண்டும். லொஸ்லியாவின் குடும்பமும் வந்தது. தகப்பன் அப்போது கனடாவில் வேலை செய்துகொண்டிருந்தவர். வருடக்கணக்காக மகளை நேரில் காணாதவர். அவர் உள்ளே வந்ததும், மகள் உடைந்ததும், வீட்டுக்குள் அவளுடைய நடத்தையைப் பற்றி அவர் கோபப்பட்டதும் எல்லாம் ஒளிபரப்பானது. அந்த இரவு கோப்பாயில் யாரும் அதைப் போட்டியாகப் பார்க்கவில்லை. கொழும்பு விமான நிலையத்தில் விட்டுவந்த பிள்ளை, ஸ்கைப்பில் வளர்ந்த பேரன், செத்தவீட்டுக்கும் வரமுடியாமல் போன அண்ணன் என்று ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் நின்றார்.

அந்த விளையாட்டை வடிவமைத்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டிக்காரர். உறைந்து நில் என்ற ஒரே ஒரு விதி, நூறு பக்க வசனம் தராத உணர்ச்சியைத் தந்துவிடுகிறது. வடிவமைப்பு என்று பார்த்தால் அப்பழுக்கில்லை. ஆனால் எங்கள் பிரிவு எங்கிருந்து வந்தது, ஒரு தகப்பனும் மகளும் ஏன் அத்தனை வருடம் பாராமல் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. பிரிவு வேண்டும், அதன் காரணம் வேண்டாம்.

2023 டிசம்பரில் சீ தமிழின் சரிகமப சிறுவர் மேடையில் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் பெற்றார். பலாலி விமான நிலையத்திலிருந்து ஊர் மட்டும் அந்தப் பிள்ளையை வரவேற்ற விதம் ஒரு திருவிழா. எங்களுக்கு அது மெய்யான சந்தோசம், அதில் ஒரு துளியும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பருவத்தில் போரில் இழந்த உறவை நினைத்து அவர் பாடிய அங்கம் பெரிதாகப் பரவியது. நடுவர்கள் அழுதார்கள், பார்த்தவர்களும் அழுதார்கள். அந்த மேடையில் எங்கள் துயரத்துக்குக் கிடைத்த இடம் ஒரு பாட்டின் நீளம். கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இலிருந்து இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் நிற்கிறது. மாவீரர் நாளான நவம்பர் 27 வந்தால் தாய்மார் அதற்கு எதிரே உள்ள காணியில் விளக்கேற்றுகிறார்கள். அந்த அழுகைக்கு எந்த மேடையிலும் சுற்று ஒதுக்கப்படவில்லை. ஒதுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கணக்கில் எடுக்காத ஒரு சனத்தைச் சரக்காக மட்டும் உள்ளே எடுப்பது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். இது தொலைக்காட்சியோடு நிற்கும் வழக்கமும் இல்லை. எங்கள் தரவை எடுத்துக்கொண்டு எங்கள் மொழியில் ஒரு பிழைச் செய்திகூடக் காட்டாத செயலிகள் என் கைபேசியிலேயே உண்டு.

யாழ்ப்பாணத்திலும் எங்களுக்கென்று ஒரு மேடை இருக்கிறது. யாழ் ஐரி ஹப் 2012இல் தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச். மாணவரும் இளைஞரும் குழுவாக வந்து, தாங்கள் செய்ய நினைக்கும் பொருளை நடுவர்கள் முன் வைக்கும் போட்டி. ஒவ்வொரு வருடத்தையும் சீசன் என்றே எண்ணுகிறார்கள். போர் முடிந்து மூன்று வருடத்தில், இந்த மண்ணிலும் மென்பொருள் செய்யலாம், கம்பனி தொடங்கலாம் என்று பிள்ளைகளுக்குத் துணிவு கொடுத்த முயற்சி அது. அதன் நன்மையை என் வேலையிடத்திலேயே நாளாந்தம் காண்கிறேன். ஆனால் எங்கேயும் போட்டி என்று வந்தால் அதற்கேயுரிய ஓர் இழுப்பும் கூடவே வரும். 2021 கடைசியில் தொடங்கிய ஷார்க் டாங்க் இந்தியாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது மேடைக்கு வருகிறார்கள். பத்து நிமிடத்தில் நடுவரை அசைப்பது எப்படி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தோட்டக்காரரின் படம் திரையில் வரும், அவருடைய கஷ்டம் ஒரு வரியில் வரும், அடுத்து எங்கள் தீர்வு. அந்தத் தோட்டக்காரர் மண்டபத்தில் இருப்பதில்லை. அவருக்குப் பொத்தானும் இல்லை. அறிவுரை கேட்டு வரும் குழுக்களிடம் நான் முதலில் கேட்பது, திரையில் போட்ட அந்த ஆளோடு எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதைத்தான்.

நாங்களும் இப்போது தோட்டக்காரருக்கான ஒன்றில்தான் வேலை செய்கிறோம். மரக்கறிச் சந்தைகளின் அன்றன்றைய விலையைக் கைபேசியில் காட்டுவது நோக்கம். நிரலில் கை வைக்க முன், திரைகளைக் கடதாசியில் வரைந்து எடுத்துக்கொண்டு கோப்பாயிலும் நீர்வேலியிலும் வீடு வீடாகப் போனோம். மக்கெல்ரோய் சொன்னதும் அதுதான், நேரே போ.

ஒரு வீட்டில் வெங்காயம் கிண்டி முற்றத்தில் பரவியிருந்தது. செம்மண் ஒட்டிய கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஐயா கடதாசியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் தூரப் பிடித்துப் பார்த்தார். சின்ன வெங்காயம், ஒரு கிலோ, இவ்வளவு ரூபாய் என்று நாங்கள் எழுதியிருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, உது சொல்லுற விலை சரிதான். ஆனா என்ர கைக்கு வாற காசு உது இல்லை. நூறு கிலோ கொண்டுபோனா தொண்ணூறுக்குத்தான் காசு தருவினம். அந்தப் பத்துக் கிலோ உதுக்குள்ள எங்க இருக்கு?”

யாழ்ப்பாணச் சந்தைகளில் கழிவு என்பது நெடுநாள் வழக்கம். மண், அழுகல், நிறை குறைதல் என்று காரணம் சொல்லி நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டிக்கொள்வார்கள். அதை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் போராடியும் இருக்கிறார்கள், கூட்டங்களில் தீர்மானங்களும் எடுத்திருக்கிறார்கள். வழக்கம் தொடர்கிறது. பத்திரிகையில் வரும் விலைப்பட்டியலிலோ அரசாங்கம் வெளியிடும் விலையிலோ கழிவு என்றொரு கட்டம் கிடையாது. ஆகவே அந்த எண்களை மட்டும் எடுத்துச் செய்யும் எந்தச் செயலியிலும் அது இருக்காது. ஐயாவுக்கோ விலையைவிடக் கழிவுதான் பெரிய கேள்வி. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் கழிவு வெட்டாத ஒரு வியாபாரி இருந்தால் அவரிடம் போவார்.

அங்கேயே இன்னொன்றும் கண்டோம். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். அது உயர்தரம் படிக்கும் மகளுடையது. தகப்பன் கேட்டால் அவள் பார்த்துச் சொல்வாள். வெங்காயத்தைத் தரம் பிரிப்பதும், இப்போது விற்பதா இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பதா என்று தீர்மானிப்பதும் தாய். கதைக்கிடையில் அவர் குசினி வாசலிலிருந்து சொன்னார்: “விலை ஏறுமோ இறங்குமோ எண்டு காட்டினா எனக்கு உதவி. இண்டைக்கு என்ன விலை எண்டது அவர் சந்தைக்குப் போனா தெரியும்தானே.” எங்கள் பதிவில் இந்த வீடு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியாக விழும். அவளுக்கு ஏற்ற வடிவமைப்பு, அவளுக்கு ஏற்ற நேரத்தில் அறிவித்தல் என்று நாங்கள் மெருகூட்டிக்கொண்டே போகலாம். முடிவெடுக்கும் தாயும் சந்தைக்குப் போகும் தகப்பனும் எங்கள் தரவில் இருக்கமாட்டார்கள்.

பார்க் நிறுவனத்தின் கருவியில் ஆளுக்கொரு பொத்தான் இருப்பது எனக்கு இந்த இடத்தில் பெரிய விடயமாகத் தெரிகிறது. அந்தக் கருவியின் மேல் குற்றச்சாட்டுகள் வந்திருக்கின்றன. 2020 ஒக்டோபரில் மும்பைப் பொலிஸ் போலிக் கணக்கு வழக்குப் போட்டது, அதன் பிறகு செய்திச் சானல்களின் எண்ணைப் பார்க் ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தது. ஆனாலும் ஒரு ரீவிக்கு முன்னால் பலர் இருப்பார்கள், தாத்தா வேறு, பேத்தி வேறு என்ற எண்ணம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. மென்பொருள் செய்யும் நாங்கள் ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று எழுதிவிட்டோம். அந்தக் கணக்கைப் படித்தவர்கள் அதை வைத்து உலகம் முழுவதற்கும் பொருள் செய்கிறார்கள். ஒரு போனை நாலு பேர் பாவிக்கும் வீடுகள் கோப்பாயில் மட்டுமா உண்டு? மலையகத்து லயன்களில் உண்டு, தஞ்சாவூர்க் கிராமங்களில் உண்டு.

திரைகளை மாற்றி வரைந்தோம். விலைக்குப் பக்கத்தில் “கைக்கு வருவது” என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே கழிவு எவ்வளவு என்று போட இடம். போனைத் திறந்ததும் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, தாய்க்கு வேறு பக்கம், தகப்பனுக்கு எழுத்துப் பெரிதாக்கிய பக்கம், வாசிக்கக் கஷ்டப்படுபவருக்கு ஒலியில் விலை. குழுவில் இருக்கும் இளையவர்களுக்கு இது பிடிக்கவில்லை. செயலியைத் திறந்ததும் கேள்வி கேட்டால் ஆட்கள் மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். அவர்கள் படித்தது அப்படி, எண்களும் அப்படித்தான் சொல்லும். நான் விடவில்லை. இது இன்னும் எங்களுக்குள் முடியாத வாக்குவாதம்.

அதைவிடச் சிக்கலானது கழிவு. அதை யார் பதிவது? சந்தையில் அதை வெட்டும் வியாபாரி பதியமாட்டார். தோட்டக்காரர் பதிந்தால், இன்ன இடத்தில் இவ்வளவு வெட்டினார்கள் என்பது வெளியே தெரியும். நாளைக்கு அதே இடத்துக்குத்தான் அவர் மூட்டையைக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் முறை போனபோது புதிய திரையைக் காட்டினோம். ஐயா கழிவுக் கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு யோசித்துவிட்டு, தன் பெயரில் அதைப் போடமாட்டேன் என்றார். பெயர் வராமல் செய்கிறோம் என்றோம். கோப்பாயில் இந்தக் கிழமை வெங்காயம் கிண்டினவன் ஆர் எண்டு சந்தைக்குத் தெரியாதோ என்று கேட்டார். அது சரியான கேள்வி. ஒரு ஊரில் ஒருவர் மட்டும் பதிந்தால் பெயர் மறைத்தும் பயனில்லை. உரும்பிராய், நீர்வேலி, இருபாலை, புத்தூர் என்று பலர் ஒரே கிழமையில் பதிந்தால் மட்டுமே எவர் சொன்னது என்று தெரியாமல் கழிவு மட்டும் தெரியும். எத்தனை பேர் சேர்ந்தால் ஓர் ஊரின் எண்ணைக் காட்டலாம், அதற்குக் குறைந்தால் கட்டத்தை வெறுமையாக விடுவதா என்று இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கமக்காரர் அமைப்புகளோடும் கதைக்கத் தொடங்கியிருக்கிறோம். வலிகாமம் கிழக்கில் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த வெங்காயப் போகத்துக்கு முன் இன்னும் கொஞ்சப் பேர் வேண்டும்.